சிற்றம்பலத்தாரின் கொப்பி

வன்னியில் மழை பொய்த்த வருடங்கள் உண்டு, படிவம் பொய்த்த வருடம் கிடையாது. நிவாரணத்துக்கு ஒன்று, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, ஆளைத் தேடித் தருவதற்கு ஒன்று, அப்படிக் கொடுத்த படிவம் தொலைந்துவிட்டதால் மறுபடியும் ஒன்று. முரசுமோட்டை நாகேஸ்வரி இதுவரை நிரப்பிக் கொடுத்ததையெல்லாம் அடுக்கினால் கூரையை முட்டும். ஆகவே மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மகள் யதுர்ஷிகா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இன்னொரு படிவத்தோடு வந்தபோது அவள் கலங்கவில்லை. வயலில் இருந்து வந்த காலோடு முற்றத்தில் நின்று, "எத்தினை இடத்திலை சைன் வைக்கோணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"உது அப்பிடிப்பட்ட படிவம் இல்லை அம்மா. முதல் வந்து இருங்கோ."

"சேத்துக் காலோடை எங்கை இருக்கிறது? நீ சொல்லு."

அன்று முழுதும் அவள் பன்றிநெல் பிடுங்கியிருந்தாள். பன்றிநெல் பொல்லாத களை. நெல்லைப்போலவே முளைத்து, நெல்லைப்போலவே வளர்ந்து, உரத்தையும் தின்று, அறுவடைக்கு முன்னமே மணியை உதிர்த்து அடுத்த போகத்துக்கும் வயலைப் பிடித்துக்கொள்ளும். அயல் வயல்காரர்கள் கதிர் வந்த பிறகுதான் கண்டுபிடித்துத் தலையில் கை வைப்பார்கள். நாகேஸ்வரி அதற்கு வெகு முன்னமே அடித்தண்டைத் தடவிப் பார்த்துப் பிடுங்கிவிடுவாள். அந்த வித்தை அவள் புருஷன் சிற்றம்பலத்தின் கையெழுத்துக் கொப்பியில், ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

சிற்றம்பலம் விவசாயப் போதனாசிரியர். பரந்தனிலிருந்து துணுக்காய் வரை இருபது வருடம் சைக்கிளில் திரிந்து, வயல் வயலாக இறங்கி, மண்ணை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்து எழுதியவர். நூற்றுப்பன்னிரண்டு பக்கம், எட்டு அத்தியாயம். எந்தக் குளத்தின் கீழ் எந்த மண், எந்த வாய்க்கால் எங்கே கசியும், எந்தக் களை எந்த மாதம் தலைகாட்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அச்சில் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் இடப்பெயர்வு வந்தது. நாகேஸ்வரி அரிசிப் பையையும், காணி உறுதியையும், பொலித்தீனில் சுற்றிய அந்தக் கொப்பியையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடினாள். யுத்தத்தின் கடைசி நாள், வட்டுவாகலுக்குக் கிட்ட, "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன், பிள்ளையைப் பிடிச்சுக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் திரும்பி வரவில்லை. பிள்ளைக்கு அப்போது பதின்மூன்று வயது.

மனிதர் வராவிட்டாலும் கொப்பி ஊர் திரும்பியது. மீள்குடியேறிய காலத்தில் யாரோ ஒரு வாத்தியார் வாங்கிப் போட்டோக்கொப்பி அடித்தார். பிறகு வளாகத்துப் பெடியள் கண்டுபிடித்தார்கள். விரிவுரை இங்கிலீசில் நடக்கும், விளங்குவது சிற்றம்பலத்தாரின் கொப்பியில் என்று ஒரு பேச்சே வந்துவிட்டது. வளாக வாசல் கடைக்காரர் வருடத்துக்கு நூறு அடித்துச் சுருள் கம்பி போட்டு வைப்பார். கடைசியில் அந்த வளாகத்திலேயே யதுர்ஷிகா தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேர்ந்து, தகப்பனின் கொப்பியை வைத்தே படிப்பித்தாள். அந்த மார்கழியில் இரண்டு வருடம் முடிந்து, நிரந்தரமாக்கும் நேரம் வந்திருந்தது.

"புதுச் சட்டம் கொண்டந்திருக்கினம் அம்மா," என்றாள் யதுர்ஷிகா. "படிப்பிக்கிறதுக்கு நாங்கள் குடுக்கிற எல்லாத்துக்கும், எழுதின ஆளின்ரை அனுமதி இருக்கோணும். இனி ஒருத்தற்றை புத்தகத்தை முழுசாக் கொப்பி அடிக்கேலாது. கணினியிலை போடவும் ஏலாது."

"நல்ல சட்டம்தானே. மற்றவன் எழுதினதைக் கேக்காமல் எடுக்கிறது களவுதானே."

"ஓம், நல்ல சட்டம்தான். ஆனா அப்பாவின்ரை கொப்பிக்கும் அனுமதி கேக்கினம்."

"குடுத்தாப் போச்சு. அவர் என்ன வேண்டாமெண்டோ சொல்லப்போறார்?"

யதுர்ஷிகா படிவத்தை மேசையில் வைத்தாள். அதில் இரண்டே இரண்டு பெட்டிகள். ஆசிரியர் உயிருடன் இருப்பின் அவரது கையொப்பம் என்பது ஒன்று. ஆசிரியர் இறந்திருப்பின் இறந்த திகதியும் உரித்தாளரின் கையொப்பமும் என்பது மற்றது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவர் வன்னிப்பக்கம் எட்டியும் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் மூன்றாவது பெட்டி ஒன்று போட்டிருப்பார்.

தாய்க்கு எந்தப் பெட்டியைக் காட்டுவது என்று மகளுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல் ஒன்று உண்டென்றால் அது அந்த இரண்டாம் பெட்டியில் இருந்த சொல்தான். நாகேஸ்வரி பொட்டை அழித்ததில்லை. மரணச் சான்றிதழ் எடுங்கள், காசு தருகிறோம் என்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். அதனால் யதுர்ஷிகா, "நீங்கள் பாத்து நிரப்பி உறையிலை போட்டு ஒட்டி வையுங்கோ அம்மா. திங்கக்கிழமை கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

நாகேஸ்வரி அதிகம் யோசிக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள முரசுமோட்டைக் கமக்கார அமைப்பின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை வரும்போது காணிக்காரர் அதில் கையொப்பம் வைக்க வேண்டும். காணி சிற்றம்பலத்தின் பேரில். செயலாளர் தயாபரன் முன்வீட்டுக்காரன். முதல் வருடமே பதிவேட்டை அவள் பக்கம் தள்ளி, "அண்ணையின்ரை பேரிலை நீங்களே வையுங்கோ அக்கா" என்றான். அன்றிலிருந்து போகத்துக்குப் போகம் அவள் க. சிற்றம்பலம் என்று எழுதி வருகிறாள். அவருடைய கையெழுத்தில் இருந்த அதே சாய்வு, கடைசி எழுத்துக்குக் கீழே அதே கோடு. ஊரில் இப்படிப் புருஷன் பேரில் ஒப்பம் வைக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர். ஒருவரும் அதைக் கள்ளம் என்று நினைத்ததில்லை. வீட்டுக்காரர் வரும்வரை காணியைப் பார்ப்பதுபோல, அவர் ஒப்பத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை, குளத்து ஜப்பான் மீனுக்குப் புளி கரைத்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முதலாம் பெட்டியில் க. சிற்றம்பலம் என்று எழுதி அன்றைய திகதியைப் போட்டாள். உறையை ஒட்டினாள். திங்கட்கிழமை யதுர்ஷிகா அந்த உறையைப் பிரிக்கவில்லை. இரண்டாம் பெட்டியில் தாயின் கையெழுத்தைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இருக்கவில்லை. அப்படியே நூலகத்தில் கொடுத்துவிட்டாள்.

தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள் தபால் வந்தது. தபால்காரர் ஊருக்குப் புதியவர்.

"க. சிற்றம்பலம் ஐயா வீடு இதுதானே அம்மா? பதிவுத் தபால். ஐயா நிக்கிறாரோ?"

நாகேஸ்வரி படலையைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து வருடமாக அவரைப் பற்றிய கடிதங்கள் வந்தன. அவருக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. ஐயா நிற்கிறாரோ என்று கேட்கவும் ஒரு ஆள் வந்ததில்லை.

"வயலுக்கை நிக்கிறார் தம்பி," என்றாள். "நான் சைன் வைச்சு வாங்கிறன்."

சொன்ன பிறகு அந்தப் பொய்யின் ருசி அவளுக்குப் பிடித்திருந்தது. தபால்காரர் போன பின்பு பூவரச மரத்தடியில் இருந்து கடிதத்தைப் படித்தாள். அன்புடையீர், தங்கள் நூலைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்த அனுமதி தந்தமைக்கு நன்றி. மாசி மாதம் புதிதாக இணையும் மாணவர்களுக்குத் தாங்கள் நேரில் வந்து வன்னி வயல் மண் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்ற வேண்டும் என்று துறைத் தலைவர் விரும்புகிறார். தங்கள் வருகைக்கு வாகன வசதி செய்து தரப்படும்.

அன்று பகல் அவள் சந்தோஷமாக இருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கலியாணப் பெண்போல இருந்தாள். அலுமாரியைத் திறந்து, அவருடைய நரைத்துப்போன நீலச் சேட்டை எடுத்து உதறி வெயிலில் போட்டாள். வாகனம் வந்தால் ஒழுங்கைக்குள் திரும்புமோ என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தாள். யோசித்துவிட்டு, தன்னையே ஏசிக்கொண்டு, கோழிக்குத் தவிடு குழைக்கப் போனாள்.

பின்னேரம் யதுர்ஷிகா வந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது. பையைக் கதிரையில் எறிந்தாள்.

"என்னம்மா செய்து வைச்சிருக்கிறீங்கள்?"

"என்ன?"

"அப்பாவின்ரை சைனை ஏன் வைச்சனீங்கள்? என்னை இண்டைக்கு நூலகத்துக்குக் கூப்பிட்டவை. கிருசாந்தன் சேர், உதவி நூலகர், அவருக்கு எங்கடை வீட்டு நிலைமை தெரியும். சத்தம் போடாமல் கதவைச் சாத்திப்போட்டுத்தான் கேட்டவர். இல்லாத ஆள் போன மாசம் எப்பிடி யதுர்ஷிகா சைன் வைச்சவர் எண்டு."

"இல்லாத ஆளோ? ஆர் சொன்னது இல்லாத ஆளெண்டு?"

"அம்மா, நான்தான் அந்த உறையைக் குடுத்தனான். கள்ளச் சைன் வைச்சது நானெண்டுதான் எழுதுவினம். புதன்கிழமை என்ரை நிரந்தரக் கடிதம் சபைக்குப் போகுது. அதுக்கு முதல் உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்."

"வாறன். வந்து சொல்லுறன், நான்தான் வைச்சனானெண்டு. எனக்கென்ன பயம்."

"அது காணாது அம்மா. பிறகு ரெண்டாம் பெட்டியை நிரப்பச் சொல்லுவினம்."

நாகேஸ்வரி கொடியில் கிடந்த சேட்டைப் பார்த்தாள். மகளும் அப்போதுதான் அதைக் கண்டாள். கண்டதும் அவள் கோபமெல்லாம் வற்றிவிட்டது. மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் ஆறிக் கிடந்தன.

"நான் எழுதமாட்டன் பிள்ளை," என்றாள் நாகேஸ்வரி கடைசியில். "உன்ரை வேலை போனா நான் வயலிலை உழைச்சுச் சோறு போடுவன். என்ரை கையாலை அதை எழுதமாட்டன்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மூடிக் கட்டியிருந்த வானத்தின் கீழ் இருவரும் பரந்தன் சந்திக்குப் போய் பஸ் மாறினார்கள். வழியெல்லாம் வயல் கதிர் தள்ளி நின்றது. நாகேஸ்வரி யன்னலால் பார்த்து, "அந்தா பார், நாலு ஏக்கர் நிறையப் பன்றிநெல். கொப்பியைப் படியாதவன்" என்றாள். யதுர்ஷிகா சிரிக்கவில்லை.

கிருசாந்தனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எழுந்து நின்று, கதிரையைத் துடைத்துவிட்டு, "இருங்கோ அம்மா. பிளேன்ரீ குடிக்கிறீங்களோ?" என்றார்.

"வேண்டாம் தம்பி. சைன் வைச்சது நான்தான். பிள்ளைக்குத் தெரியாது. கமக்கார அமைப்பிலை பதினஞ்சு வருஷமா நான்தான் வைக்கிறன். ஒருத்தரும் ஒரு சொல் கேட்டதில்லை."

"அங்கை ஆக்களுக்கு உங்களைத் தெரியும் அம்மா. இஞ்சை கடதாசிக்கு ஆரையும் தெரியாது. என்ரை தங்கச்சி ஐயாவின்ரை கொப்பியாலை பாஸ் பண்ணினவள். அந்தக் கடிதத்துக்கும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ. புதுத் துறைத் தலைவருக்கு ஒண்டும் தெரியாது, கணினியிலை உயிரோடை எண்டு கிடந்ததைப் பாத்துப்போட்டு அனுப்பிப்போட்டார்."

கணினியில் உயிரோடு என்று கிடந்தது. நாகேஸ்வரி அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அதை அப்பிடியே விடேலாதோ தம்பி?"

"ஏலாதம்மா. ஆனா ஒரு வழி இருக்கு. நியாயமான பயன்பாடு எண்டு சொல்லுறது. படிப்பிக்கிறதுக்கு ஒரு அத்தியாயம் மட்டும் எடுத்தா ஆற்றையும் அனுமதி தேவையில்லை. இந்தப் படிவத்தைப் பிழையா நிரப்பினதெண்டு நான் திருப்பித் தாறன், யதுர்ஷிகாவுக்கும் பிரச்சினை வராது. ஆனா மிச்ச ஏழு அத்தியாயத்தையும் எடுத்துப்போடோணும். வாசல் கடைக்காரரும் இனி முழுக்கொப்பி அடிக்கேலாது."

"அப்ப ஒண்டும் எழுதத் தேவையில்லையோ?"

"இல்லை அம்மா."

நாகேஸ்வரிக்கு மூச்சு வந்தது. சுருள் கம்பி போட்ட கொப்பியை அவர் அவள் முன்னால் வைத்தார். அவள் புரட்டினாள். பன்றிநெல்லை வைப்பதென்றால் வாய்க்கால் போய்விடும். வாய்க்காலை வைத்தால் மண் போய்விடும். மண் தெரியாதவனுக்குக் களை எப்படித் தெரியும்? வாயில் மண்ணோடு அவர் முகத்தைச் சுளித்தது அவளுக்கு நினைவு வந்தது. இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"ஆறாவதை வைச்சுக்கொள்ளுங்கோ தம்பி," என்றாள். "மிச்சம் வீட்டிலை என்னோடை இருக்கட்டும்." பிறகு மகள் பக்கம் திரும்பி, ஒரு வெற்றியோடு சொன்னாள். "பாத்தியோ பிள்ளை? பதினஞ்சு வருஷம், எத்தினை கந்தோர், எத்தினை கடதாசி. ஒண்டிலையும் அவரைச் செத்தவரெண்டு எழுத விடேல்லை நான்."

"எழுதியிருக்கு அம்மா," என்றாள் யதுர்ஷிகா.

"என்ன?"

"நான் எழுதினனான்."

கிருசாந்தன் எழுந்து வெளியே போகப் பார்த்தார். யதுர்ஷிகா அவரைக் கவனிக்கவேயில்லை.

"கம்பஸுக்கு எடுபட்ட வருஷம். உதவிப்பணப் படிவம். தகப்பன் எண்ட இடத்திலை காணாமல் போனவர் எண்டு எழுதினனான். கந்தோரிலை இருந்த அக்கா அதை வெட்டிப்போட்டு, இருக்கிறாரோ இல்லையோ, ரெண்டிலை ஒண்டை எழுது எண்டா. பின்னாலை வரிசை நிண்டது. எல்லாரும் என்னைப் பாத்தவை. எழுதிப்போட்டன் அம்மா. எனக்குப் பத்தொன்பது வயது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? வீட்டை வந்தனான். நீங்கள் புட்டு அவிச்சு வைச்சிருந்தனீங்கள். சாப்பிட முதல் கிணத்தடிக்குப் போய் முழுகினனான். இந்த நேரத்திலை ஏன் முழுகிறாய் எண்டு கேட்டனீங்கள். வெக்கையா இருக்கெண்டு சொன்னனான். ஒவ்வொரு வருஷமும் அப்பிடி எழுதின நாள் வந்தா நான் மீன் மச்சம் சாப்பிடுறேல்லை. வயித்துக்குச் சரியில்லையெண்டு சொல்லுவன். நீங்கள் எனக்கு ஓமத்தண்ணி தருவீங்கள்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நாகேஸ்வரியால் தாங்கியிருக்க முடியும். தகப்பனைக் கொன்ற பிள்ளைபோல மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இந்த முகத்தை ஒன்பது வருடம் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதைப் பார்த்தேன் என்று நாகேஸ்வரி தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். வராத மனிதரையே வழியில் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குள் இருந்த பிள்ளையைப் பார்க்காமல் விட்டாளே!

"ஒன்பது வருஷம்," என்றாள். "தனியவோ பிள்ளை? தனிய இருந்தோ அப்பாவுக்குத் துடக்குக் காத்தனீ?"

யதுர்ஷிகா தலையை மட்டும் ஆட்டினாள். நாகேஸ்வரி அந்தத் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள்.

"தம்பி, அந்தப் படிவத்திலை புதுசு ஒண்டு தாங்கோ."

"அம்மா, தேவையில்லை. ஒரு அத்தியாயத்தோடை..."

"அவர் முழுசா எழுதினவர். ஒண்டை வைச்சுக்கொண்டு ஏழை எடுக்கிறதெண்டா அவரை ஆர் முழுசாப் படிக்கிறது? முழுக்கப் படிப்பியுங்கோ. தாங்கோ."

கிருசாந்தன் படிவத்தை வைத்தார். அவள் இரண்டாம் பெட்டிக்கு வந்தாள். உரித்தாளர் என்ற இடத்தில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதினாள். சி. நாகேஸ்வரி. அவர் பெயரையே எழுதிப் பழகிய கை தன் பெயரில் தடுமாறியது. பிறகு இறந்த திகதி என்ற இடத்துக்கு வந்து, சுவரில் தொங்கிய கலண்டரை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள்.

"அம்மா, அது ஐயா செத்த திகதி போடுற இடம்," என்றார் கிருசாந்தன் மெல்ல. "இண்டையான் திகதி கீழை போடோணும்."

"தெரியும் தம்பி. வாசிச்சுப்போட்டுத்தான் எழுதினனான்."

"சான்றிதழிலை வேறை திகதிதான் வரும் அம்மா."

"வரேக்கை திருத்துங்கோ. எனக்கு வேறை திகதி தெரியாது. இண்டைக்குக் காலமை வெளிக்கிடேக்கையும் அவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். அதுவரைக்கும் இருந்தவர்தானே."

கிருசாந்தன் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பரந்தன் சந்தியில் கடைத் தாழ்வாரத்தில் நின்று நனைந்து, நெரிசல் பஸ்ஸில் ஏறி, ஒழுங்கையால் நடந்து வீட்டுக்கு வந்தார்கள். இருவருக்கும் காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. யதுர்ஷிகா உடுப்பு மாற்றிக்கொண்டு குசினிக்குள் போனாள். விறகு முறிக்கும் சத்தம் கேட்டது.

"அடுப்பு மூட்டாதை பிள்ளை," என்றாள் நாகேஸ்வரி.

"தேத்தண்ணியாவது வைப்பம் அம்மா."

"செத்தவீட்டிலை அடுப்பு மூட்டுறேல்லை."

குசினியில் சத்தம் நின்றது.

"தயாபரன் வீட்டை போய்ச் சொல்லிப்போட்டு வா. அவையள் சமைச்சுக் கொண்டருவினம்."

"என்னெண்டம்மா சொல்ல?"

"அப்பா செத்துப்போனாரெண்டு சொல்லு."

யதுர்ஷிகா மழைக்குள் இறங்கினாள். நாகேஸ்வரி விறாந்தையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒழுங்கைக்கு அப்பால் தயாபரன் வெளியே வருவது தெரிந்தது. மகள் ஏதோ சொன்னாள், மழையில் கேட்கவில்லை. தயாபரன் எப்போது என்றும் கேட்கவில்லை, எங்கே என்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே இருந்துவிட்டான். பின்னால் வந்த அவன் மனைவி தலையில் கையை வைத்து, "ஐயோ, என்ரை சிற்றம்பலம் அண்ணை!" என்று ஊர் கேட்கக் குளறினாள்.

அவருக்காக இன்னொரு வாய் அழுததை நாகேஸ்வரி இதுவரை கேட்டதில்லை. தூணோடு சரிந்து இருந்து, பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவளும் குளறினாள்.